சொல்லாமல் வெட்டும் ‘ரத்துக் கட்டணம்’: முற்பணம் கொடுத்தவரின் உரிமை என்ன?

மன்னாரிலிருந்து பூநகரி ஊடாக யாழ்ப்பாணம் செல்லும் ஏ-32 வீதியில் இருக்கிறது இலுப்பைக்கடவை. வயலும் கடலும் சேர்ந்து சோறு போடும் ஊர். யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்து, 2009க்குப் பிறகு அத்திவாரத்திலிருந்து வாழ்க்கையைத் தொடங்கியவர்கள் இங்கு அதிகம். ஒரு ரூபாவின் பெறுமதி இவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது என்பது என் எண்ணம்.

என் ராத்தா இந்த ஊரில்தான் வசிக்கிறார். சென்ற முறை நான் போயிருந்தபோது, முன்பள்ளி ஆசிரியையாக இருக்கும் அவருடைய மகள் என்னைத் தனியாக அழைத்தாள். “மாமா, ஒரு விசயம் சொன்னா உம்மாட்ட சொல்ல மாட்டீங்கதானே?” என்று கேட்டுவிட்டு ஒரு பற்றுச்சீட்டை நீட்டினாள்.

நகரத்தில் உள்ள ஓர் அழகு சிகிச்சை நிலையத்தின் பற்றுச்சீட்டு அது. முகத்தில் இருந்த கரும்புள்ளிகளைப் போக்க ஆறு தடவை சிகிச்சை. “முழுப் பணத்தையும் ஒரேயடியாகக் கட்டினால் விலைக்கழிவு” என்று சொல்லியிருக்கிறார்கள். சீட்டுப் பிடித்துச் சேர்த்த 48,000 ரூபாவையும் கட்டிவிட்டாள். இரண்டாவது தடவைக்குப் பிறகு முகம் சிவந்து எரியத் தொடங்கியது. வைத்தியசாலையில் தோல் வைத்தியர் பார்த்துவிட்டு, “இதை இனிச் செய்ய வேண்டாம்” என்று எழுதிக் கொடுத்தார்.

மீதி நான்கு தடவைக்கான 32,000 ரூபாவைத் திருப்பிக் கேட்டபோதுதான் நிலையத்தினர் புதிய கதை ஒன்றைச் சொன்னார்கள். இடையில் நிறுத்தினால் முழுத்தொகையில் பாதி ‘ரத்துக் கட்டணம்’. அதாவது 24,000 ரூபா அவர்களுக்கு. இவளுக்குக் கிடைப்பது 8,000 மட்டும்.

பற்றுச்சீட்டை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தேன். ‘6 தடவை, 48,000, செலுத்தப்பட்டது’ என்பதைத் தவிர அதில் ஒரு சொல்லும் இல்லை. ரத்துக் கட்டணம் பற்றி எவரும் வாயால் சொல்லவில்லை, சுவரிலும் எழுதியிருக்கவில்லை.

“எப்ப நடந்தது?” என்று கேட்டேன். இரண்டாவது சிகிச்சை முடிந்து இரண்டு மாதத்துக்கு மேலாகிவிட்டது. “முகத்துக்கு இவ்வளவு காசு கொடுத்தனெண்டு ஊர் கதைக்கும் மாமா” என்றாள். இந்த வெட்கம்தான் இப்படிப்பட்ட நிலையங்களுக்குப் பெரிய துணை. வாங்கிய மின்விசிறி பழுதானால் நாலு பேர் அறியச் சண்டை பிடிப்போம். அழகு சிகிச்சையில் ஏமாந்தவர் வாய் திறப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

எமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொருட்களுக்கு மட்டுமல்ல, சேவைகளுக்கும் பொருந்தும். சலூனும் அழகு நிலையமும் சேவை வழங்குபவைதான். பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும், அல்லது வழிநடத்தக்கூடிய நடத்தையில் வர்த்தகர் எவரும் ஈடுபடக் கூடாது என்கிறது 30ஆம் பிரிவு. விலையைச் சொல்லிப் பணத்தை வாங்கிவிட்டு, அந்த விலையோடு ஒட்டியிருந்த நிபந்தனையை மறைப்பது இதற்குள் வரும் என்று வாதிடத் தாராளமாக இடமுண்டு. உரிய கவனத்தோடும் திறமையோடும் சேவை வழங்கப்படும் என்ற உத்தரவாதம், எழுதாவிட்டாலும் ஒவ்வொரு சேவை ஒப்பந்தத்திலும் அடங்கியிருக்கிறது என்று 32ஆம் பிரிவு சொல்கிறது.

வாசகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது காலக்கெடுவை. சேவை வழங்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு எழுத்தில் போய்ச் சேர வேண்டும். விசாரித்த பின் நட்டஈடு கொடுக்கவோ பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ உத்தரவிடும் அதிகாரம் சபைக்கு இருக்கிறது. என் மருமகளுக்கு எஞ்சியிருந்தது மூன்று வாரம். இன்னும் ஒரு மாதம் வெட்கப்பட்டிருந்தால் இந்தக் கதவு மூடியிருக்கும்.

இதைத் தவிர, 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டமும் இருக்கிறது. ஒரு தரப்பு தானே அச்சடித்து வைத்த நிபந்தனைகள் சில நியாயமானவைதானா என்று நீதிமன்றம் உரசிப் பார்க்க அது வழி செய்கிறது. வழக்குக்குப் போக வசதியில்லாதவர்களுக்கு, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைகள் உள்ளன. காணிச் சண்டைக்கும் வேலிச் சண்டைக்கும் மட்டுமே அங்கு போகலாம் என்று எம்மவர் பலர் நினைக்கிறார்கள். கொடுக்கல் வாங்கல் பிணக்கையும் அங்கு கொண்டு போகலாம்.

மற்ற நாடுகளில்

எமது சட்டத்தில் ஒரு குறை உண்டு. முன்கூட்டிக் கட்டிய சேவையை நிறுத்தினால் எவ்வளவு வெட்டலாம் என்று அது தொகை குறிப்பிடவில்லை. மலேசியா அதைச் செய்திருக்கிறது. அங்குள்ள 1999ஆம் ஆண்டுப் பாவனையாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு ‘எதிர்காலச் சேவை ஒப்பந்தம்’ பற்றிப் பேசுகிறது. தொடர்ச்சியாக வழங்கப்படும் சேவைக்கு முன்பணம் கட்டியவர் இடையில் நிறுத்தலாம். பெற்றுக்கொண்ட சேவைக்கும் பாவித்த பொருளுக்கும் உரிய தொகை போக, முழு ஒப்பந்தத் தொகையில் 5 வீதம் மட்டுமே நிறுவனம் வெட்டலாம். பணம் தராவிட்டால் பாவனையாளர் நியாய சபைக்குப் போகலாம். கட்டணம் 5 ரிங்கிட். பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை. அந்த நாட்டில் பாவனையாளர் விழிப்புணர்வை வளர்த்தவர்களில் முதன்மையானவர், பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை நீண்ட காலம் வழிநடத்தி 2019இல் காலமான எஸ்.எம். முகம்மது இத்ரீஸ். தமிழ்நாட்டில் பிறந்த தமிழ் முஸ்லிம் அவர்.

சிங்கப்பூரில் ‘கேஸ்டிரஸ்ட்’ அங்கீகாரம் பெற்ற அழகு நிலையங்கள், ஐந்து வேலை நாட்களுக்குள் மனம் மாறினால் பாவிக்காத சேவைக்கான பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டவை. இந்தியாவின் 2019ஆம் ஆண்டுச் சட்டமோ, உண்மையான நட்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதத்தை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று வரையறுக்கிறது. மூன்று நாடுகளிலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: வாடிக்கையாளர் விலகியதால் வர்த்தகருக்கு உண்மையில் எவ்வளவு நட்டம்?

அந்தக் கேள்வியைத்தான் நாங்களும் கேட்டோம். பற்றுச்சீட்டின் பிரதி, வைத்தியரின் துண்டு இரண்டையும் இணைத்து ஒரு பக்கக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ‘ரத்துக் கட்டணம் பற்றி எங்கு, எப்போது அறிவித்தீர்கள்? உங்களுக்கு ஏற்பட்ட நட்டம் எவ்வளவு? 10 நாட்களில் பதில் இல்லையேல் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு செய்வோம்’ என்பதுதான் சாரம்.

ஏழாம் நாள் தொலைபேசி வந்தது. இவளுக்காக உடைத்த மருந்துப் பொதி ஒன்றை வேறு யாருக்கும் பாவிக்க முடியாது, அதன் விலை 3,000 ரூபா என்றார்கள். அது நியாயம். ஒப்புக்கொண்டோம். மீதி 29,000 ரூபாவும் இரண்டு தவணையில் வந்து சேர்ந்தது.

பணம் கட்டுமுன் கவனிக்க

1. இடையில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பும் என்று முதலிலேயே கேளுங்கள். பதிலைப் பற்றுச்சீட்டில் எழுதிக் கையொப்பமிடச் சொல்லுங்கள்.

2. முழுத்தொகையையும் ஒரேயடியாகக் கட்டாதீர்கள். விலைக்கழிவு சிறிது குறைந்தாலும் தடவைக்குத் தடவை கட்டுவது பாதுகாப்பு.

3. பற்றுச்சீட்டு, விளம்பரத் துண்டு, கைத்தொலைபேசியில் வந்த குறுந்தகவல் எதையும் வீசாதீர்கள்.

4. உடம்புக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் உடனே வைத்தியரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

5. முதலில் நிலையத்துக்குக் கடிதம் எழுதுங்கள். பதில் வரவில்லையென்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து வழி கேளுங்கள். முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள்.

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் கடிதம் எழுதிய அன்று என் மருமகள் கேட்ட ஒரு கேள்வியை மறைத்தால் இந்தக் கட்டுரை நேர்மையாக இராது. “மாமா, உங்கட பில் புத்தகத்திலயும் அடியில ஒரு வரி இருக்குதானே?”

இருக்கிறது. மன்னாரில் நான் நடத்தும் தளபாடக் கடையின் பற்றுச்சீட்டில், எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்தில், ‘முற்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது’ என்று பல வருடங்களாக அச்சாகி வந்தது. வாடிக்கையாளர் அதைக் காண்பது பணம் கைமாறிய பின்னர்தான். முதல் வருடம் மகளின் கலியாணத்துக்குக் கட்டிலும் அலுமாரியும் சொல்லி, 15,000 ரூபா முற்பணம் தந்த கடற்றொழிலாளி ஒருவர், கலியாணம் நின்றுபோனதும் வந்து நின்றார். அந்த வரியைக் காட்டி அனுப்பிவிட்டேன். அப்போது நான் ஒரு பலகைகூட அறுத்திருக்கவில்லை.

இப்போது புதிய பில் புத்தகம் அடித்திருக்கிறேன். மேலே, பெரிய எழுத்தில்: மரம் அறுக்குமுன் ரத்துச் செய்தால் முழுப் பணமும் திரும்பும், அறுத்த பின் என்றால் அறுத்த மரத்தின் விலை மட்டும் கழிக்கப்படும். முற்பணம் வாங்குமுன் அதை வாசித்துக் காட்டுகிறோம். இதனால் என் வியாபாரம் குறையவில்லை.

அந்த 15,000 ரூபாவையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். “இது வராதெண்டு விட்டுட்டன் முதலாளி” என்றார். தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று உள்ளே கூப்பிட்டார்.