விலங்குக்கூடத்தில் வருமுன் காத்தல்

புதிய மருந்துகள் மனிதருக்கு வழங்கப்படுமுன் பெரும்பாலும் சுண்டெலி, எலி, முயல், கினிப்பன்றி ஆகியவற்றிற் சோதிக்கப்படுகின்றன. ஆராய்ச்சியாளரை உலகம் புகழ்கின்றது. அவ்விலங்குகளுக்கு உணவூட்டிக் கூடு துப்புரவாக்கும் ஊழியரை நினைப்பார் அரியர். அவர்தம் தொழிலே அவர்க்கு நோயாவதுண்டு. அந்நோயையும் அதனைத் தடுக்கும் முறையையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இந்நோய்க்குக் காரணம் கிருமியன்று, புரதமே. எலியினங்களின் சிறுநீரிலும் உமிழ்நீரிலும் உதிரும் தோற்செதிலிலும் உள்ள சில புரதங்கள், உலர்ந்தபின் தூசியோடு கலந்து காற்றில் மிதக்கும். அதனை நாடோறும் சுவாசிக்கும் சிலரது உடல் அப்புரதத்தைப் பகையெனக் கொள்கின்றது. பின்னர்ச் சிறிதளவு தூசியே தும்மல், கண்ணரிப்பு, தோலில் தடிப்பு என்பவற்றை உண்டாக்கும். சிலருக்குத் தொய்வு நோயாய் முற்றும். விலங்குகளைக் கையாள்வோரில் ஏறத்தாழ மூன்றிலொருவருக்கு ஒவ்வாமைக் குறிகளும் பத்திலொருவருக்குத் தொய்வும் காணப்படுவதாக, ஐக்கிய அமெரிக்காவின் தேசியத் தொழிற் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 1998ஆம் ஆண்டில் எச்சரித்தது.

முகமூடி அணிந்தாற் போதாதோ எனச் சிலர் வினவுவர். எம்முகமூடி என்பதே நாம் கேட்கவேண்டியது. சத்திரசிகிச்சை முகமூடி, அணிபவரின் எச்சில் துளி நோயாளிமேற் படாது தடுக்க அமைந்தது; கன்னத்தோரத்து இடைவெளியால் நுண்ணிய தூசி உட்புகும். என்-95 எனும் சுவாசக் கவசமோ, 0.3 மைக்கிரோன் அளவான துகள்களில் நூற்றுக்கு 95 பங்கேனும் தடுக்க வல்லது. ஆயினும் அது முகத்தோடு இறுகப் பொருந்துதல் வேண்டும்; தாடி இடையே நிற்பின் பயன் குன்றும். ஆகவே அவரவர் முகத்துக்குப் பொருத்தம் பார்த்தே வழங்குதல் முறை.

எனினும் கவசம் இறுதி அரணே. அகழியும் மதிலுமின்றி வீரன் கையிற் கேடயம் மட்டும் கொடுத்தல் காவலாகாது. முதலிற் செய்யத்தக்கது தூசி எழாமற் காத்தல். கூட்டிலுள்ள அழுக்குப் படுக்கையைக் கொட்டும்போதே தூசி மிகும். எனவே அதனைக் காற்றுறிஞ்சும் மேடையிற் கொட்டுதல் வேண்டும். தூசி குறைந்த படுக்கையும் வடிகட்டியுடைய காற்றோட்டக் கூடுகளும் பெரிதும் உதவும். வேலை உடையை வீட்டுக்குக் கொண்டுசெல்லலாகாது.

ஒருமுறை ஒவ்வாமை உண்டாயின் அதனை முற்றாக நீக்குதல் அரிது; பழகிய தொழிலையே சிலர் விட நேர்கின்றது. அவ்வச்சத்தால் குறியை மறைப்பவர் தம் மூச்சுக்கே ஊறு தேடுகின்றார். மறையாது மருத்துவரிடம் கூறுதல் ஊழியர் கடன். கூறியவரைத் தண்டியாது தக்க வேறு பணி நல்குதல் நிருவாகத்தின் கடன்.

நாளை ஆய்வுகூடங்களுக்குத் தலைமை தாங்கவிருக்கும் எம் மாணவர் இதனை மனத்திற் கொள்வாராக. கூடு துப்புரவாக்குவாரின் மூச்சைக் காத்தலும் விஞ்ஞானப் பணியின் ஒரு பகுதியேயாம்.