எச்.ஐ.வி பிறபொருளெதிரிக் கூட்டு மருத்துவம்

எச்.ஐ.வி பிறபொருளெதிரிக் கூட்டு மருத்துவம் என்பது, எச்.ஐ.வி தீநுண்மத்தைச் செயலிழக்கச் செய்யும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிறபொருளெதிரிகளை (ஆன்டிபாடி) ஊசி வழியாக உடலில் செலுத்தி நோயைக் கட்டுப்படுத்த முயலும் மருத்துவ முறையாகும். நாள்தோறும் மாத்திரை உட்கொள்வதற்கு மாற்றாக ஆண்டுக்கு இருமுறை ஊசி போட்டுக்கொண்டால் போதும் என்ற நிலையை எட்டுவதே இதன் நோக்கம். இம்முறை இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது.

பின்னணி

இந்தியாவில் எச்.ஐ.வி தொற்று முதன்முதலில் 1986ஆம் ஆண்டு சென்னையில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சுனிதி சாலமன், அவருடைய மாணவி நிர்மலா ஆகியோர் திரட்டிய குருதி மாதிரிகள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. 2004 ஏப்ரல் முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துகள் இலவசமாக வழங்கப்படுகின்றன. தொடக்கத்திலேயே இதில் இடம்பெற்ற மருத்துவமனைகளுள் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. இம்மாத்திரைகள் நோயாளியின் ஆயுளைப் பெரிதும் நீட்டித்துள்ளன. ஆனால் வாழ்நாள் முழுவதும் நிறுத்தாமல் உட்கொள்ள வேண்டும். நோயை வீட்டாரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் மறைத்து வாழ்பவருக்கு மாத்திரைப் புட்டியே காட்டிக்கொடுக்கும் பொருளாகிவிடுகிறது.

செயல்படும் முறை

தீநுண்மத்தின் மேலுறையில் உள்ள புரதம், குருதி வெள்ளணுக்களின் சிடி4 ஏற்பியைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறது. பிறபொருளெதிரி இப்புரதத்தின் மீது ஒட்டி அந்த நுழைவைத் தடுக்கிறது. தொற்றுக்கு உள்ளான பெரும்பாலோரின் உடலில் உருவாகும் பிறபொருளெதிரிகளால் பயன் குறைவு, ஏனெனில் தீநுண்மம் உருமாறி நழுவிவிடும். மிகச் சிலரிடம் மட்டும் பல்வேறு உருவங்களையும் அடக்கவல்லவை தோன்றுகின்றன. அவற்றைப் பிரித்தெடுத்து ஆய்வகத்தில் பெருக்குவதே இம்முறையின் அடிப்படை. இவற்றின் இரண்டு அமினோ அமிலங்களை மாற்றினால் அவை குருதியில் பல மாதங்கள் தங்கும். ஆண்டுக்கு இருமுறை ஊசி என்ற எண்ணத்திற்கு இடம் கொடுத்தது இந்த மாற்றமே.

2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இபாலிசுமாப் என்பதும் பிறபொருளெதிரியே. ஆயினும் அது தீநுண்மத்தைத் தாக்குவதில்லை; சிடி4 ஏற்பியின் மீது ஒட்டுகிறது. இரு வாரங்களுக்கு ஒருமுறை செலுத்தப்படும் இது, பிற மருந்துகள் பயனளிக்காத நோயாளிகளுக்கு மட்டுமே உரியது. கபோடெக்ராவிர் போன்ற நீடித்த ஊசிகள் வேதிப் பொருட்களே, பிறபொருளெதிரிகள் அல்ல.

ஏன் கூட்டு?

ஒரே பிறபொருளெதிரியை நம்பினால் என்ன நேரும் என்பதை 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. வி.ஆர்.சி01 என்னும் பிறபொருளெதிரி, தொற்றைத் தடுக்கும் நோக்கில் சுமார் 4,600 பேரிடம் சோதிக்கப்பட்டது. மொத்தத்தில் அது தொற்றைத் தடுக்கவில்லை. எனினும், அதற்கு எளிதில் அடங்கும் தீநுண்ம வகைகளை மட்டும் கணக்கிட்டபோது தொற்று 75 சதவீதம் குறைந்திருந்தது. மருந்து வேலை செய்தது, ஆனால் பரவிக்கொண்டிருந்த தீநுண்மங்களில் பெரும்பாலானவை அதற்கு அடங்காதவை.

மாத்திரைகளை நிறுத்திவிட்டு 3பி.என்.சி117, 10-1074 என்ற இரண்டையும் சேர்த்துச் செலுத்திய 2018ஆம் ஆண்டு ஆய்வில், இரண்டுக்கும் அடங்கும் தீநுண்மம் கொண்டவர்களிடம் தொற்று இடைநிலையாக 21 வாரங்கள் அடங்கியிருந்தது. பின்னர் இவற்றின் நீடித்த வடிவங்கள் லெனகபாவிர் என்னும் ஊசி மருந்துடன் இணைக்கப்பட்டன. 2025இல் வெளியான முடிவுகளின்படி, 26 வாரங்களுக்குப் பின் 96 சதவீதத்தினரிடம் தொற்று அடங்கியே இருந்தது. ஆனால் தம் தீநுண்மம் இவ்விரண்டுக்கும் அடங்கும் என முன்கூட்டியே சோதித்து அறியப்பட்டவர்கள் மட்டுமே இதில் சேர்க்கப்பட்டனர். இத்தகைய சோதனை எல்லா மருத்துவமனைகளிலும் செய்யக்கூடியதன்று.

இந்தியாவும் சி உள்வகையும்

இந்தியாவில் காணப்படும் எச்.ஐ.வியில் 90 சதவீதத்திற்கும் மேற்பட்டது சி உள்வகையாகும். அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் மிகுந்திருப்பது பி உள்வகை. ஆகவே அங்கு வெற்றி பெறும் கூட்டு இங்கும் அதே அளவில் பயன் தரும் எனக் கொள்ள இயலாது. தென்னாப்பிரிக்கப் பெண் ஒருவரிடமிருந்து பெறப்பட்ட கேப்256 சி உள்வகையை வலுவாக அடக்குவதால் ஆய்வாளர்களின் கவனம் அதன்மீது திரும்பியது. புது தில்லி எய்ம்சு ஆய்வாளர்களும் சி உள்வகைத் தொற்றுள்ள இந்தியச் சிறார் ஒருவரிடமிருந்து எய்ம்சு-பி01 என்ற பிறபொருளெதிரியைப் பிரித்தெடுத்துள்ளனர்.

உள்நாட்டுத் தீநுண்மத்திற்கு ஏற்ப மருந்தை வடிவமைக்கும் எண்ணம் தமிழகத்திற்குப் புதிதன்று. இந்திய சி உள்வகையை அடிப்படையாகக் கொண்ட ஒரு தடுப்பூசி 2006இல் சென்னை காசநோய் ஆராய்ச்சி மையத்தில் தன்னார்வலர்களிடம் முதற்கட்டமாகச் சோதிக்கப்பட்டது. அது பயன்பாட்டுக்கு வரவில்லை.

விலையும் சேமிப்பும்

பிறபொருளெதிரிகள் உயிரணு வளர்ப்பு முறையில் உற்பத்தி செய்யப்படுவதால் மாத்திரைகளைவிட விலை மிகுந்தவை. 2 முதல் 8 பாகை செல்சியசு வெப்பநிலையில் காக்கப்பட வேண்டியவை என்பதால், சென்னை, புதுச்சேரி போன்ற வெப்பம் மிகுந்த கடலோர நகரங்களில் குளிர்பதன வசதி தடைபடாதிருத்தல் அவசியம். குறைந்த விலையில் இவற்றை உற்பத்தி செய்வதற்காகப் பன்னாட்டு எயிட்சு தடுப்பூசி முனைப்பு என்னும் அமைப்பு, புனேயில் உள்ள சீரம் நிறுவனத்துடன் உடன்பாடு செய்துகொண்டுள்ளது.