மேல்சபையின் திருத்தங்கள்

ஒரு மசோதா லோக்சபையில் நிறைவேறிய செய்தியைப் படித்தவுடனே, சட்டம் வந்துவிட்டது என்று நம்மவரில் பலர் எண்ணிவிடுகிறார்கள். அது பாதி வழிதான். ராஜ்யசபை அதில் ஒரு சொல்லை மாற்றினாலும், மசோதா மறுபடியும் லோக்சபைக்கு வந்தாக வேண்டும். அப்படி வந்த திருத்தங்களை ஜனப்பிரதிநிதிகள் எவ்விதம் பரிசீலிக்கிறார்கள் என்பதைக் கவனிப்பவர் மிகச் சிலர். ஆனால் ஒரு சட்டத்தின் யோக்கியதையைச் சோதிக்கும் கட்டம் இதுவே என்பது நமது அபிப்பிராயம்.

சாதாரண மசோதாக்களின் விஷயத்தில் முறை நேர்மையாகவே இருக்கிறது. திருத்தப்பட்ட மசோதா ராஜ்யசபையின் செய்தியுடன் வந்து சபையின் மேஜைமீது வைக்கப்படுகிறது. பிறகு விவாதம் திருத்தங்களைப் பற்றியதாக மட்டுமே இருக்கலாம். இரு சபைகளும் ஒப்புக்கொண்ட ஷரத்துக்களை மறுபடி கிளற இடமில்லை. லோக்சபை திருத்தத்தை ஏற்கலாம், மறுக்கலாம், அல்லது திருத்தத்தையே திருத்தித் திருப்பியனுப்பலாம். ராஜ்யசபை அதற்கு இணங்காமல் உறுதியாக நின்றால், 108-வது ஷரத்துப்படி ஜனாதிபதி இரு சபைகளையும் ஒன்றாகக் கூட்டலாம். அங்கே தலைகளை எண்ணினால், 543 ஸ்தானங்கள் கொண்ட லோக்சபைக்கு முன் 245 ஸ்தானங்கள் கொண்ட ராஜ்யசபை என்ன செய்ய முடியும்? இருந்தும் இந்த ஆயுதத்தைச் சர்க்கார்கள் அடிக்கடி எடுக்கவில்லை. 1961-ல் வரதட்சிணைத் தடை மசோதாவுக்காகவும், 1978-ல் பாங்க் சர்வீஸ் கமிஷனை ரத்து செய்வதற்காகவும், 2002-ல் பயங்கரவாதத் தடுப்பு மசோதாவுக்காகவும் என மூன்றே தடவைதான் கூட்டுக் கூட்டம் நடந்திருக்கிறது. கடைசியில் சொன்னது 425-க்கு 296 என்ற ஓட்டுக் கணக்கில் நிறைவேறியது.

அரசியல் சட்டத்தையே திருத்தும் மசோதாவுக்கு இந்தக் குறுக்கு வழியும் கிடையாது. 1978-ல் ஜனதா சர்க்கார் இதை அனுபவித்தே அறிந்தது. நெருக்கடி நிலையின் கொடுமைகள் திரும்பாதிருக்க ஒரு பெரிய மசோதாவை அது ஆகஸ்டு 23-ந் தேதி லோக்சபையில் நிறைவேற்றியது. மேல்சபையில் அதற்கு மெஜாரிட்டி இல்லை. அரசியல் சட்டத்தின் அடிப்படைகளை மாற்றுவதானால் பொதுஜன வாக்கெடுப்பு நடத்த வேண்டுமென்ற ஏற்பாடு உட்படச் சில ஷரத்துக்களை ராஜ்யசபை நீக்கிவிட்டது. லோக்சபை பிடிவாதம் பிடித்திருந்தால் மசோதா முழுவதுமே போயிருக்கும். அது டிசம்பர் 7-ந் தேதி திருத்தங்களை ஏற்றுக்கொண்டது. ஆயுதமேந்திய கலகமில்லாமல் உள்நாட்டுக் காரணத்துக்காக நெருக்கடி நிலை பிரகடனம் செய்யலாகாது, உயிருக்கும் சுதந்திரத்துக்கும் உள்ள உரிமையை அக்காலத்திலும் நிறுத்திவைக்கலாகாது என்ற பாதுகாப்புகள் இவ்வாறு நமக்குக் கிடைத்தன. வாக்கெடுப்பை இழந்தது நஷ்டமென்றே நாம் நினைக்கிறோம். ஆயினும் அந்த விலை கொடுக்கத் தக்கதுதான்.

பண மசோதாவின் கதை வேறு. இதில் ராஜ்யசபை திருத்தவே முடியாது. 14 தினங்களுக்குள் சிபார்சு செய்யலாம், அவ்வளவே. லோக்சபை அவற்றை ஏற்றாலும் சரி, தள்ளினாலும் சரி, மசோதா நிறைவேறியதாகவே கொள்ளப்படும். கஜானாவின் சாவி ஜனங்கள் நேரே தேர்ந்தெடுத்த சபையிடம்தான் இருக்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. 1909-ல் பிரிட்டிஷ் பிரபுக்கள் பட்ஜெட்டையே நிராகரித்து, 1911-ல் தங்கள் அதிகாரத்தைப் பறிகொடுத்த வரலாறு தெரிந்ததே. ஆனால் எது பண மசோதா? சபாநாயகர் சொல்வதே முடிவு என்கிறது 110-வது ஷரத்து. இங்கேதான் ஆபத்து புகுகிறது.

2016 மார்ச் 11-ந் தேதி ஆதார் மசோதா பண மசோதாவாக லோக்சபையில் நிறைவேறியது. 16-ந் தேதி ராஜ்யசபை ஐந்து சிபார்சுகளைச் செய்தது. விரும்புகிறவர் ஆதாரிலிருந்து விலகிக்கொள்ள வழி வேண்டும் என்பது ஒன்று. தனியார் ஸ்தாபனங்களும் அந்த எண்ணைப் பயன்படுத்த வகை செய்த 57-வது பிரிவை நீக்க வேண்டும் என்பது மற்றொன்று. அன்றைக்கே லோக்சபை ஐந்தையும் தள்ளிவிட்டது. கோடிக்கணக்கான ஜனங்களின் கைரேகையையும் கண்மணியின் அடையாளத்தையும் பற்றிய யோசனைகளுக்கு ஒரு இரவின் அவகாசம்கூடக் கிடைக்கவில்லை!

பிறகு நடந்தது என்ன? 2018 செப்டம்பர் 26-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதைப் பண மசோதா என்று மெஜாரிட்டித் தீர்ப்பில் ஒப்புக்கொண்டது. ஆனால் 57-வது பிரிவு தனியாருக்கு இடங்கொடுத்ததைச் செல்லாதென்றது. மேல்சபை இலவசமாகச் சொன்ன புத்தியை, இரண்டரை வருஷ வழக்குக்குப் பின் கோர்ட்டு மூலமாகப் பெற வேண்டியதாயிற்று. பண மசோதா என்ற பெயரே அரசியல் சட்டத்துக்குச் செய்த மோசடி என்று நீதிபதி சந்திரசூட் தனித் தீர்ப்பு எழுதினார். 2019 நவம்பரில் வேறொரு வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சு, ஆதார் தீர்ப்பு இவ்விஷயத்தைத் தீர ஆராயவில்லையென ஐயுற்று, பெரிய பெஞ்சின் பரிசீலனைக்கு விட்டது.

கோர்ட்டின் வாசலில் காத்திருப்பது லோக்சபைக்குக் கௌரவமல்ல. பிரிட்டனின் 1911-ம் வருஷத்துச் சட்டப்படி, பண மசோதா என்று சர்ட்டிபிகேட் அளிக்குமுன் சபாநாயகர், கூடுமானவரை, அதற்கென நியமிக்கப்பட்ட இரு அங்கத்தினரைக் கலந்தாலோசிக்க வேண்டும். நமது ஷரத்தில் அந்த ஏற்பாடு இல்லை. லோக்சபை தன் விதிகளில் அதைச் சேர்த்துக்கொள்வதற்கு என்ன தடை? சர்ட்டிபிகேட்டுக்குரிய காரணங்களைச் சபாநாயகர் எழுத்தில் மேஜைமீது வைக்கட்டும். யோசிக்க ராஜ்யசபைக்கு 14 தினங்கள் கொடுத்திருக்கும்போது, அதன் சிபார்சுகளைப் படித்துப் பார்க்க லோக்சபை இரண்டு தினங்களாவது ஒதுக்கட்டும்.