மண்ணில் நட்ட தூண்

மலேசியக் கிராமப்புறங்களில் கோழிக் கொட்டகை, வாகனம் நிறுத்தும் கூடம், ஓய்வுக் குடில் ஆகியவற்றைப் பலர் மரத்தூண்களை நட்டுக் கட்டுவதுண்டு. வேலை தொடங்கியதும் அறிவுரைக்குப் பஞ்சம் இருக்காது. "குழியை ஆழமாகத் தோண்டித் தூணை நடு, சுற்றிலும் கான்கிரீட்டை ஊற்று, உன் பேரன் காலம்வரை நிற்கும்" என்பது அவற்றுள் அடிக்கடி கேட்கும் ஒன்று. நியாயமாகத் தோன்றும் இந்த யோசனையே தூண் விரைவில் உளுத்துப்போகக் காரணமாகலாம்.

மரத்தை உளுக்கச் செய்வது பூஞ்சை. அது வளர ஈரமும் காற்றும் ஒருசேர வேண்டும். தரைக்கு மேலே காற்று உண்டு. ஆனால், மழை விட்டதும் மரம் காய்ந்துவிடும். ஆழத்தில் ஈரம் உண்டு, காற்றோ குறைவு. இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் தரைமட்டத்தை ஒட்டிய பகுதிதான். பழைய வேலிக்கால் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால், பெரும்பாலும் அந்த இடத்தில்தான் அது இற்றுப்போயிருக்கும்.

கான்கிரீட் இதைத் தடுப்பதில்லை. மரம் காயும்போது சற்றுச் சுருங்கும்; கான்கிரீட் அதனோடு சேர்ந்து சுருங்காது. இரண்டுக்கும் நடுவே விழும் மெல்லிய இடைவெளியில் மழைநீர் இறங்கித் தங்கிவிடும். அங்கே வெயிலும் எட்டாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தூண் உறுதியாகவே தெரியும். ஒரு நாள் பலத்த காற்று அடிக்கும்போதுதான் உண்மை வெளிப்படும். அந்த நேரத்தில் கூரைக்குக் கீழே ஆள் இருந்தால் என்ன ஆகும்?

பழைய மலாய்த் தச்சர்கள் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்தார்கள். அவர்கள் கட்டிய பல வீடுகளில் தூண்கள் மண்ணுக்குள் இறங்குவதில்லை. கல்லின்மேலோ பீடத்தின்மேலோ நிற்கின்றன. ஈரம் மரத்தைத் தொடுவதில்லை. கறையான் ஏறினாலும் அதன் மண்தடம் கண்ணில் பட்டுவிடும். தூணில் துளையிட்டு, உத்திரத்தைச் செருகி, ஆப்பு அடித்து இறுக்குவார்கள். அதனால் இத்தகைய வீட்டைக் கழற்றி வேறிடத்தில் மீண்டும் பூட்ட முடியும். கெடா மாநிலத்தில் இருந்த பெங்ஹூலு அபு செமான் வீடு, 1990களில் அவ்வாறு பிரிக்கப்பட்டுக் கோலாலம்பூரில் மீண்டும் எழுப்பப்பட்டது.

"ஆழம் கூடினால் தூண் இறங்காது" என்பதும் முழு உண்மையன்று. அடிப்பரப்பையும் பார்க்க வேண்டும். 15 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரத் தூணின் அடிப்பரப்பு 225 சதுர சென்டிமீட்டர். அதன்கீழ் 60 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுர அடித்தளம் இருந்தால் பரப்பு 3,600 ஆகிறது. தூண் மண்ணை அழுத்தும் அழுத்தம் 16இல் ஒரு பங்காகக் குறைகிறது. சேற்றில் பலகையை விரித்து அதன்மேல் நடப்பது போன்றதே இது.

கொட்டகை ஆடினால், "இன்னும் தடித்த தூண் போடு" என்பார்கள். தடித்த மரத்துக்குச் செலவுதான் கூடும். நான்கு சட்டங்களை மூலைக்கு ஓர் ஆணி வீதம் அடித்துச் சதுரமாக்கி, பக்கவாட்டில் தள்ளினால் அது சாய்ந்துவிடும். மூலைக்கு மூலை ஒரு சாய்வுச் சட்டம் சேர்த்தால் முக்கோணங்கள் உருவாகும். பிறகு அது எளிதில் சாயாது.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு, பழைய வீட்டைப் போலவே லேசான கொட்டகையையும் கல்லின்மேல் சும்மா நிறுத்திவிடலாம் என்று யாரேனும் சொன்னால், அதையும் அப்படியே ஏற்க முடியாது. கடினமரத்தால் கட்டிய வீட்டைக் காற்று எளிதில் அசைக்காது. அதன் எடையே அதற்கு நங்கூரம். தகரக் கூரையும் மெல்லிய தூண்களும் கொண்ட கொட்டகைக்கு அந்த எடை கிடையாது. காற்று அதன் கூரையை மேல்நோக்கித் தூக்கும். ஆகவே, கான்கிரீட் பீடத்தில் இரும்புத் தாங்கியைப் பதித்து, தூணின் அடி தரைக்குச் சற்று மேலே நிற்குமாறு திருகாணியால் பிணைக்க வேண்டும். தூணுக்கும் கூரைச் சட்டத்துக்கும் இடையிலும் இரும்புப் பட்டை தேவை. அங்கே வெறும் ஆணி மட்டும் இருந்தால், காற்று அதைச் சிறிது சிறிதாகப் பிடுங்கிவிடும்.