தண்ணீர் ஒட்டாத பாலிமரில் தீப்பொறி எப்படி?

பழகிய தோசைக்கல் ஆறியிருக்கும்போது நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். பரவாமல் முத்து முத்தாக நிற்கும். கம்பிநாரும் சோப்பும் போட்டுத் தேய்த்த கல்லிலோ படலமாகப் படர்ந்துவிடும்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மின்கம்பங்களில் இருக்கும் பழைய பீங்கான் இன்சுலேட்டர், தேய்த்த கல் மாதிரி. பஞ்சுத் தூசியும் புழுதியும் படிந்த பீங்கானில் மார்கழிப் பனி இறங்கினால், ஈரப் படலமே மின்சாரத்துக்குப் பாதை. சிலிக்கோன் ரப்பர் போர்த்திய பாலிமர் இன்சுலேட்டர் பழகிய கல். துளிகள் தனித்தனியாக நிற்பதால் பாதை அறுந்துவிடுகிறது.

ஆனால் அந்தத் துளியே வேறு வேலை பார்க்கும். ஒப்புமை விடுதிறன், அதாவது மின்புலத்தைத் தனக்குள் தணிக்கும் அளவு, தண்ணீருக்குச் சுமார் 80, சிலிக்கோன் ரப்பருக்குச் சுமார் 3, காற்றுக்கு 1. அதனால் மின்புலம் துளிக்குள் தங்காமல் அதன் ஓரத்தில், தண்ணீரும் ரப்பரும் காற்றும் சேரும் வளையத்தில், குவிகிறது. அடுத்தடுத்த இரு துளிகளின் இடுக்கில் இன்னும் கூடுதல். அங்கே சென்டிமீட்டருக்குச் சுமார் 30 கிலோவோல்ட்டைத் தாண்டினால் காற்றே மின்காப்பை இழக்கிறது. நாம் கேட்கும் 'உஸ்' சத்தமும் மங்கிய நீல ஒளியும் அதுதான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 100 முறை துளி இழுபட்டு அதிர்கிறது, நீள்கிறது, பக்கத்துத் துளியோடு சேர்கிறது. சங்கிலி நீள நீள மிச்ச இடைவெளி சுருங்கி, கடைசியில் பெரிய பொறியாகத் தாவிவிடும்.

அவ்வளவு தூரம் போகாவிட்டாலும் சேதம் உண்டு. பொறியில் பிறக்கும் ஓசோனும் நைட்ரிக் அமிலமும் ரப்பரின் நீர் ஒட்டாத குணத்தை அந்த இடத்தில் அழிக்கின்றன. அப்புறம் தண்ணீர் அங்கே படரும், கசிவு மின்சாரம் ஓடும், ரப்பர் அரித்துப்போகும்.

தோசைக்கல்லுக்கு நாம்தான் எண்ணெய் தடவ வேண்டும். சிலிக்கோன் தனக்குத் தானே தடவிக்கொள்கிறது! உள்ளிருக்கும் சிறு மூலக்கூறுகள் கசிந்து வந்து, மேலே படிந்த தூசியைக்கூட மூடிவிடுகின்றன. இந்தப் பொருளின் பெருமையே இதுதான். அப்படித் தடவிக்கொள்ளச் சில மணி நேரமோ, சில நாட்களோ காய்ந்த ஓய்வு வேண்டும். இரவுதோறும் பனி பெய்தால் அந்த ஓய்வு கிடைக்காது. அழுக்கைக் கழுவிவிடும் அடைமழையைவிடத் தூறலும் பனியும்தான் பொல்லாதவை.

துளியோரப் பொறிகள் கிளப்பும் ரேடியோ அலைகளை ஆண்டெனா வைத்துப் பிடித்து ஆராய்ந்திருக்கிறார்கள், சென்னை ஐ.ஐ.டி.யில் ஆர். சாரதியின் குழுவினர். பழுதை முன்கூட்டியே அறிய இது நல்ல வழி.

பனி இரவில் கம்பத்து உச்சியில் விடாமல் இரைச்சலோ நீலப் பொறியோ தென்பட்டால் அருகே போகாதீர்கள். கம்பத்தையும் ஸ்டே கம்பியையும் தொடாதீர்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-க்குக் கம்ப எண்ணோடு சொல்லிவிடுங்கள்.