பிட்டப் பேறும் பொம்மைப் பயிற்சியும்

மகப்பேற்றில் குழந்தையின் தலை முதலில் வருவதே இயல்பு. தலைக்கு மாறாகப் பிட்டமோ காலோ முன்வருமாயின் அதனைப் பிட்டப் பேறு என்பர். மருத்துவமனைகளில் ‘ப்ரீச்’ என்றே வழங்கும். ஏழாம் திங்களளவில் நான்கில் ஒரு குழந்தை இந்நிலையில் இருத்தல் கூடும். அவற்றுட் பெரும்பாலானவை தாமே திரும்பிவிடுகின்றன. நிறைமாதத்தில் எஞ்சுவன நூற்றுக்கு 3 அல்லது 4 மட்டுமே. காலில் பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு நீங்கும் என்னும் நம்பிக்கை நம் நாட்டிற் பலவிடங்களில் உண்டு. அவ்வாறு பிறந்து பிழைத்தோர் அரியராய் இருந்தமையே அவர்களுக்கு இச்சிறப்பை அளித்தது போலும்.

இப்பேற்றின் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். குழந்தையின் உடலில் கடினமானதும் எளிதிற் குறுகாததுமான பகுதி தலையே. அது முன்வருங்கால், மண்டையோட்டு எலும்புகள் பல மணி நேரம் சிறிது சிறிதாக இணங்கி வழியமைத்துக்கொள்கின்றன. பிட்டம் முன்வரின் தலைக்கு இவ்வவகாசம் கிட்டுவதில்லை. உடல் பாதி வெளிவந்ததும் கொப்பூழ்க்கொடி தலைக்கும் தாயின் இடுப்பெலும்புக்கும் இடையே நசுங்குகிறது. குழந்தைக்கு வரும் பிராணவாயு குறைகிறது. கொப்பூழ் தென்பட்டதிலிருந்து தலை வெளிவர 3 நிமிடங்களுக்கு மேலாகுமாயின் கைகொடுத்து உதவ முற்படுதல் வேண்டும் என்று பிரிட்டனின் அரச மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது.

இந்நிலையில் அநுபவமற்ற கை செய்யும் முதற் காரியம் இழுப்பதாகும். அதுவே பெருங்கேடு. இழுத்தால் குழந்தையின் கைகள் மேலெழுந்து தலையின் பக்கத்திற் சிக்கிக்கொள்கின்றன. தாடை நிமிர்ந்து தலை தன் அகன்ற அளவோடு இடுப்பு வாயில் நிற்கிறது. ஆகவே மருத்துவச்சி கற்க வேண்டிய முதல் திறமை, தொடாமல் இருப்பது. குழந்தையின் முதுகு மேல்நோக்கி வருகிறதா என்று கவனித்து, தாயின் முக்கலுக்கே வேலையை விட்டுவிடுதல் வேண்டும். தொட நேருமாயின் வயிற்றைப் பற்றாது இடுப்பெலும்புகளையே பற்றுதல் வேண்டும். கைகள் சிக்கியிருப்பின், நார்வே நாட்டு மருத்துவர் லோவ்செட் வகுத்த முறைப்படி உடலை அரைவட்டமாகத் திருப்பி ஒவ்வொரு கையாக விடுவிக்கலாம். தலைக்கு, பிரெஞ்சு மருத்துவர் மோரிசோவின் பெயரால் வழங்கும் முறை உண்டு: குழந்தையை முன்கையின்மேற் கிடத்தி, இரு விரல்களைக் கன்ன எலும்புகளில் வைத்துத் தலையைக் கவிழச்செய்ய, துணையாள் தாயின் பூப்பெலும்புக்கு மேல் அழுத்திக்கொடுப்பார்.

எழுத்தில் இவை எளியவை. கையிற் படிவதற்கோ வாய்ப்பில்லை. ஆண்டுக்கு 200 பேறுகள் நிகழும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கொள்வோம். பிட்ட நிலை ஆறு அல்லது எட்டுப் பேருக்கு இருக்கலாம். முன்னரே கண்டறிந்தவர்களைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவர், அனுப்புவதே முறை. எஞ்சும் ஓரிருவரும் மூன்று செவிலியருக்கிடையே, மூன்று வேலை நேரங்களிற் பகிர்ந்து வருவர். பணிக்காலம் முழுவதிலும் சில முறையே ஒருவர் இதனைக் காண்பார்.

பெரிய மருத்துவமனைகளிலும் வாய்ப்பு அருகியே வருகிறது. 26 நாடுகளில் 2088 தாய்மாரைக் கொண்டு நடத்தப்பெற்ற ஆய்வொன்றின் முடிவு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. திட்டமிட்ட அறுவையில் குழந்தையின் இறப்பும் கடும் பாதிப்பும் நூற்றுக்கு 1.6 எனவும், இயல்வழிப் பேற்றில் 5.0 எனவும் அது காட்டிற்று. இரண்டாண்டு வளர்ந்த பின் இரு வகைக் குழந்தைகளுக்குமிடையே இறப்பிலும் நரம்பு வளர்ச்சியிலும் வேறுபாடு காணப்படவில்லை என்று 2004இல் தெரியவந்தது. அதற்குள் உலகெங்கும் வழக்கம் மாறிவிட்டது. மூத்த மருத்துவரின் கையைப் பார்த்து இளையவர் கற்கும் மரபு இவ்வொன்றில் அறுபடலாயிற்று. எனினும் பிட்டம் வெளித்தெரிய வந்து சேரும் தாயை அறுவைக்கு அனுப்ப இயலாது. அவ்வேளையில் அங்கிருப்பவரே மருத்துவர்.

பொம்மையைக் கொண்டு கற்பித்தல் புதிய உபாயமன்று. 1759ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசர் பதினைந்தாம் லூயியின் ஆணை பெற்ற ஆஞ்செலிக் து குத்ரே என்னும் மருத்துவச்சி, துணியாலும் தோலாலும் செய்த இடுப்பையும் குழந்தையையும் கொண்டு ஊர் ஊராகச் சென்று கிராமப் பெண்டிர்க்குப் பயிற்சியளித்தார். அப்பொம்மைகளுள் ஒன்று ரூவான் நகரக் காட்சிச்சாலையில் இன்றும் உள்ளது. நம் மருத்துவக் கல்லூரிகளிலும் எலும்பு இடுப்பும் பொம்மையும் மாணவர்க்கு நெடுநாள் பழக்கமானவை. ஆயின் மேசைமேற் கிடக்கும் எலும்புக்கு வலியில்லை, குரலில்லை, கடிகாரமும் ஓடுவதில்லை.

இக்காலப் பயிற்சி இக்குறையை நிரப்ப முயல்கிறது. பயிற்றுநர் செயற்கை வயிறொன்றைத் தம் இடுப்பிற் கட்டிக்கொண்டு தாயாக நடிக்கிறார்; உள்ளிருக்கும் பொம்மையைத் தம் கையால் மெல்லச் செலுத்துகிறார், வேண்டுமிடத்தில் நிறுத்துகிறார். பயில்வோருள் ஒருவர் பேறு பார்க்க, ஒருவர் நேரத்தை உரக்கச் சொல்ல, ஒருவர் பூப்பெலும்பின் மேல் அழுத்தம் தர, ஒருவர் குழந்தைக்கு மூச்சூட்டும் பையை ஆயத்தம் செய்கிறார். தாயாக நடிப்பவர் அஞ்சிக் கேட்கும் வினாக்களுக்கும் விடை கூறுதல் வேண்டும். முடிந்த பின் யார் எதைச் சொல்லத் தவறினர் என்று கூடிப் பேசுகின்றனர். என் கருத்தில் இவ்வுரையாடலே பயிற்சியின் உயிர். தலைமைச் செவிலி இழுக்கத் தொடங்கும்போது, ‘இழுக்க வேண்டாம், அக்கா’ என்று இளையவள் சொல்லத் துணிவது புத்தகத்தால் வாராது.

பயன் உண்டா என்று கேட்கலாம். பிட்டப் பேற்றுப் பொம்மைப் பயிற்சிக்குப் பின் இளம் மருத்துவரின் செயல்முறை மேம்பட்டதை 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. அது பொம்மையின் மேலேயே அளக்கப்பட்டது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், தோள் சிக்கிய பேறுகளில் குழந்தைக்கு நேரும் காயம், பயிற்சிக்குப் பின் நூற்றுக்கு 9.3இலிருந்து 2.3 ஆகக் குறைந்தது என 2008இல் அறிவிக்கப்பட்டது. அது பிட்டப் பேறன்று. ஆயினும் உறவுடைய சிக்கலே.

கர்நாடகத்தில் 2009இல் தொடங்கிய ‘சுக்ஷேமா’ திட்டத்தில் பெங்களூரு புனித ஜான் மருத்துவக் கழகமும் பங்குகொண்டது. வழிகாட்டிச் செவிலியர் வட மாவட்டங்களின் சுகாதார நிலையங்களுக்கே சென்று உடனிருந்து கற்பித்தனர். பல்லாரி, குல்பர்கா மாவட்டங்களின் 108 நிலையங்களில் நடந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. வழிகாட்டி சென்ற நிலையங்களில் பணியாளரின் அறிவும் சிக்கலை எதிர்கொள்ளும் ஆயத்தமும் மிகுந்திருந்தன. பணியாளரைத் தலைநகருக்கு அழைக்காது, பயிற்சியை அவர்தம் அறைக்கே கொண்டுசென்றமை இதன் சிறப்பு. மைய அரசு 2018இல் வகுத்த 18 மாத மருத்துவச்சிப் பயிற்சி முறைக்கும் இது பொருந்தும்.

கைப்பழக்கம் சில திங்களில் மங்கும். ஆதலால் பொம்மையை அலமாரியிற் பூட்டாது பேற்றறையிலேயே வைத்தல் நன்று. வாங்க இயலாதவிடத்து, ஆசிரியர் பழந்துணியால் தலைச் சுற்றளவு 34 சென்டிமீட்டர் உள்ள பொம்மை ஒன்றைத் தைத்து, தலையை மட்டும் இறுகத் திணித்து, கைகால் எளிதில் மடங்குமாறு அமைத்துக்கொள்ளலாம். துளையிட்ட அட்டைப் பெட்டி இடுப்பாகும். சுவர்க் கடிகாரம் ஒன்று கண்ணெதிரே இருத்தல் வேண்டும்.