சோப்பு டப்பாவுக்குள் ஒரு துணை!
மலைக்குப் போகிறவர் மடியில் இருக்க வேண்டிய சில்லறைச் சாமான்கள்

தேனி:

2018-ம் ஆண்டு மார்ச் 11-ந்தேதி. ஞாயிற்றுக்கிழமை. போடி பக்கம் குரங்கணி மலையில் தீ!

கொழுக்குமலைக்குப் போய்விட்டு இறங்கிக்கொண்டிருந்த 30-க்கும் மேற்பட்டவர்கள் நடுவில் சிக்கிக்கொண்டார்கள். பெரும்பாலும் இளவட்டங்கள். சென்னை, திருப்பூர், ஈரோடு பக்கத்தில் இருந்து வந்தவர்கள். ஆள் உயரத்துக்குக் காய்ந்து நின்ற புல். வீசுகிற காற்று. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை.

முதலில் மலை ஏறி ஓடியவர்கள் ஊர்க்காரர்கள்தான். டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்களும் வந்தன. 9 பேர் மலையிலேயே கருகிச் செத்தார்கள். மற்றவர்கள் ஆஸ்பத்திரியில் ஒருவர் பின் ஒருவராக. மொத்தம் 23 உயிர்!

எந்த டப்பாவும் அந்தத் தீயை அணைத்திருக்காது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாசி, பங்குனியில் காய்ந்த மலைக்குள் போகாமல் இருப்பது ஒன்றுதான் அதற்கு மருந்து.

ஆனால் மலையில் வருகிற ஆபத்து எல்லாம் தீ அல்ல. மேகமலையில் பட்டப்பகலில் மூடுபனி இறங்கும். பத்தடி தூரம் தெரியாது. கால் பிசகும். பொழுது சாய்ந்துவிடும். போனில் சிக்னல் இருக்காது. அந்த நேரத்தில் கை துழாவுகிறது. கைக்கு என்ன கிடைக்கிறது? அதுதான் கேள்வி.

தோட்டத்துப் பெண்கள்

போடி, உத்தமபாளையம், கம்பம் ஊர்களில் விடிவதற்கு முன்னால் எழுந்து பாருங்கள். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் ஜீப்புக்குக் காத்து நிற்பார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி மலைக்குப் போவார்கள். இருட்டுவதற்குள் திரும்பி வருவார்கள்.

கையில் தூக்குவாளி. மடித்து வைத்த பிளாஸ்டிக் தாள் ஒன்று. மழை வந்தால் அதுவே கொங்காணி. அட்டைக்கு உப்போ புகையிலையோ ஒரு துணியில் முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகி இருக்கும். எல்லாம் கைக்கு எட்டுகிற இடத்தில். இருட்டிலும் எடுக்கலாம்.

பட்டணத்துக்காரர் கதை வேறு. ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய பை. டார்ச் லைட் அதன் அடியில். அதற்கு மேல் சட்டை. அதற்கு மேல் சிப்ஸ் பாக்கெட். பை சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தால் எல்லாமே போச்சு!

சாமான் விலை பெரிய விஷயம் இல்லை. எங்கே வைக்கிறோம் என்பதுதான் விஷயம்.

என்ன வைப்பது?

ஒரு பழைய சோப்பு டப்பா போதும். மூடி இறுக்கமாக இல்லையா? சைக்கிள் கடையில் பழைய டியூப்பைக் கேட்டால் கொடுப்பார்கள். வளையமாக வெட்டி மாட்டினால் மூடி அசையாது. கட்டுப் போடவும் அதே வளையம் உதவும். ரப்பர் பேண்டை நம்பக்கூடாது. ஒரு வெயிலுக்கு இற்றுவிடும்.

உள்ளே: சின்ன டார்ச், பிளாஸ்டர், ஊக்கு இரண்டு, அரை பிளேடு, நூல் சுற்றிய ஊசி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்று, தினம் சாப்பிடுகிற மாத்திரை இருந்தால் ஒரு நாளுக்கு உண்டானது. ஒரு துண்டுத் தாளில் பெயர், ரத்த வகை, வீட்டு போன் நம்பர். எல்லாவற்றையும் கழுவிக் காய வைத்த பால் கவரில் போட்டு, வாயை முறுக்கி மடித்து, பிறகு டப்பாவில் வைக்க வேண்டும். தூறல் என்ன, ஆற்றில் விழுந்தாலும் சீக்கிரம் நனையாது. வீட்டில் இருப்பது போக, மீதியை வாங்க இருநூறு, முன்னூறு ரூபாய் ஆகலாம்.

தீப்பெட்டி? அதற்கு டப்பாவில் இடம் இல்லை!

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து மலையேறிகள் சங்கம் 1930-களிலேயே பத்து சாமான் பட்டியல் ஒன்று போட்டது. அதில் தீக்குச்சி உண்டு. அது பனி கொட்டுகிற ஊர். குளிர் காயாவிட்டால் உயிர் போய்விடும். நம் பக்கம் ஒரு குச்சி போதும், மலையே எரிய. காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றமும் கூட.

விசில் கழுத்தில்

விசிலை மட்டும் டப்பாவில் போடக்கூடாது. கயிறு கட்டிக் கழுத்தில் மாட்ட வேண்டும். தொண்டை கிழியக் கத்தினால் கொஞ்ச நேரத்தில் குரல் போய்விடும். விசில் போகாது. மூன்று முறை ஊதி நிறுத்த வேண்டும். மறுபடி மூன்று முறை. ஆபத்து என்று அர்த்தம். திருவிழாக் கடையில் பத்து, இருபது ரூபாய்க்குக் கிடைக்கிற சாமான் இது!

யானை பக்கத்தில் நின்றால் ஊதவேண்டாம். கம்பத்துக்காரர்களுக்கு யானையைப் பற்றிச் சொல்ல வேண்டியது இல்லை. 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை ஊருக்குள்ளேயே வந்து தெருத்தெருவாக ஓடியது.

டப்பா சட்டைப் பையிலோ மடியிலோ இருக்க வேண்டும். பையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடினாலும் கூடவே வரும்.

சட்டையும் கவனிக்க வேண்டிய சாமான்தான். நைலான், பாலியஸ்டர் துணி நெருப்புப் பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி உருகாது. ஆனால் ஐப்பசி மழையில் நனைந்த பருத்திச் சட்டை லேசில் காயாது. உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். வெயில் காலத்துக்கு ஒன்று, மழைக் காலத்துக்கு ஒன்று.

புகை தெரிந்தால் மேடு நோக்கி ஓடக்கூடாது. தீ மேட்டில்தான் வேகமாக ஏறும். புல் இல்லாத பாறை, ஏற்கனவே எரிந்து சாம்பலான இடம், இவைதான் தஞ்சம்.

வீட்டில் நடக்கும் திருட்டு!

டப்பா தயார். கதவுக்குப் பின்னால் ஆணி அடித்து மஞ்சப்பையில் போட்டுத் தொங்க விட்டாச்சு. ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால்?

டார்ச் இருக்காது. கரண்டு போன அன்று யாரோ எடுத்திருப்பார்கள். ஊக்கு வேட்டிக்குப் போயிருக்கும். பிளேடு பையனின் பென்சிலுக்கு. 'அவசரத்துக்கு எடுத்தேன், திரும்ப வைக்க மறந்துட்டேன்' என்பார்கள். எந்த வீட்டிலும் இதே கதைதான்.

டார்ச் இருந்தாலும் பாட்டரி கசிந்து பச்சை பூத்திருக்கும். பாட்டரியைக் கழற்றித் தனியாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் போட வேண்டும். தப்பித்தவறி சுவிட்ச் அமுங்கினாலும் எரியாது, தீராது. 'போன்லதான் லைட் இருக்கே' என்பவர்கள் மலையில் சிக்னல் தேடித் தேடியே சார்ஜ் தீர்ந்துபோவதை மறந்துவிடுகிறார்கள்.

அனுமதி வாங்கியாச்சா?

குரங்கணி சம்பவத்துக்குப் பிறகு 2018-லேயே அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டு வந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை அறிவித்து, வழிகாட்டியோடு கூட்டிப்போக ஏற்பாடு செய்தது. தேனி மாவட்டத்துப் பாதைகளும் அதில் உண்டு. திருட்டுத்தனமாக ஏறுகிறவரை யார் தேடி வருவார்கள்? அவர் மலையில் இருப்பதே யாருக்கும் தெரியாதே!

சித்ரா பவுர்ணமிக்கு லோயர் கேம்ப் பக்கம் பளியன்குடியில் இருந்து கண்ணகி கோயிலுக்கு ஏறுகிறவர்களுக்கும் டப்பா உதவும். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அனுமதி. பிளாஸ்டிக் பாட்டிலைப் பிடுங்கிவிடுவார்கள். தண்ணீருக்குப் பழைய எவர்சில்வர் தூக்கே மேல்.

கடைசியாக ஒரு சாமான். காசே வேண்டாம். எந்த வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அந்த மணி தாண்டினால் 112-க்கு போன் போட வேண்டியது வீட்டுக்காரர் வேலை. 'போடி பக்கம் போயிருக்கான்' என்று மட்டும் சொன்னால் போலீஸ் எந்த மலையில் ஏறும்?